மாமரத்தடியில் ஏன் ஒன்றும் நிற்பதில்லை?

சென்ற ஆண்டு அக்டோபரில் லகாட்டில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஈப்போவிலிருந்து மெங்லெம்பு தாண்டிப் பூசிங் போகும் வழியில் இருக்கும் சிற்றூர் அது. மூலை வீடு. பக்கவாட்டில் சுமார் இருபதடிக்கு முப்பதடி நிலம், அதன் நடுவில் ஒரு பெரிய மாமரம். தோட்டத்தை விட்டு வெளியேறி இந்த வீட்டுக்கு வந்த வருடம் அப்பா வைத்த கன்று அது. அப்பா இப்போது இல்லை. மரம் இருக்கிறது. மரத்தடியில்தான் ஒன்றுமே இல்லை. சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியான, வெளுத்த மண். மழை பெய்தால் சேறு தெறித்துச் சுவரில் ஒரு முழ உயரத்துக்குச் செம்பட்டைக் கறை.

எனக்கு எழுதியவர் அந்த வீட்டு மகள். ஈப்போவில் வேலை. "அண்ணன் தீபாவளிக்குள் முழுக்க சிமெண்டு போட்டுவிடலாம் என்கிறார். மரத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் வேர் தொல்லை இருக்காதாம். நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தார்.

போய் நின்றதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "இங்க என்னத்த வெச்சாலும் நிக்காது தம்பி. மூணு வாட்டி புல்லு வாங்கிப் போட்டாச்சு."

மூன்று முறையும் போட்டது கார்ப்பெட் மாதிரி சுருட்டி விற்கிறார்களே, அந்த மெல்லிய புல். அது வெயில் புல். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் இல்லாவிட்டால் மெலிந்து, மஞ்சளித்து, போய்விடும். அந்தப் பணம் போனது போனதுதான்.

ஆனால் எனக்கு உறைத்தது வேறொரு விஷயம். மரத்தடி முழுவதும் ஈர்க்குமாறு இழுத்த கோடுகள், சீப்பால் வாரியது போல. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அம்மா கூட்டிவிடுகிறார். ஒரு இலை கிடக்காது. கூட்டிய குப்பை கறுப்புப் பையில் போய்விடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படி. மரம் போடும் இலையெல்லாம் பையில் ஏறிப் போக, மண்ணின் மேல்தோலும் ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டிகை கூடவே போயிருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்குக் கூட்டிப் பெருக்கிய முற்றம் என்பது மானம் சம்பந்தப்பட்டது. ஆனால் இதே கதை இதைவிடப் பெரிய அளவில் நம் பால் மரத் தோட்டங்களிலேயே ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டால் மாமரத்தடிக்கு என்ன வைப்பது என்பது தானாக விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் வைத்த துரைமார்களுக்கு மரத்தடியில் ஒரு புல் முளைத்திருந்தாலும் ஆகாது. மரத்துக்குப் போக வேண்டிய உரத்தைப் புல் தின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் நிரை நிரையாக நம் பாட்டிமார்கள் மண்வெட்டியோடு புல் செதுக்கினார்கள். தரை பளிச்சென்று இருந்தது. பேராக்கின் மழை அந்தப் பளிச்சென்ற சரிவுகளில் விழுந்து, மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஆற்றில் சேர்த்தது. இலங்கையின் மலைத்தோட்டங்களிலும் இதே தவறு இதற்கு முன்பே நடந்திருந்தது. 1920களிலும் 30களிலும்தான் இந்த வழக்கம் கேள்விக்கு உள்ளானது. அதன்பின் வந்தது கொடி போடும் முறை. மலாய்க்காரர்கள் இதைத் 'தானாமான் பெனுத்துப் பூமி' என்கிறார்கள், பூமியை மூடும் பயிர். பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்று மூன்று விதைகளைக் கலந்து நிரைகளுக்கிடையே விதைப்பார்கள். மூன்றும் அவரை இனம். வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். கொடி போட்ட நிலத்தில் மரம் சீக்கிரமே பால்வெட்டுக்குத் தயாரானது.

இங்கே கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த கட்டம். ஐந்தாறு வருடத்தில் பால் மரத்தின் தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிழல் கட்டிவிடும். அதன்பின் இந்தக் கொடிகள் ஒவ்வொன்றாக மறையும். எவ்வளவு நல்ல கொடியானாலும் வெயில் இல்லாமல் நிற்காது. லாலாங் புல்கூட, வெட்டினாலும் எரித்தாலும் போகாத அந்தப் பிசாசுகூட, நிழலுக்கு மட்டும் அடங்கிவிடும். வளர்ந்த பால் மரக் காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். அங்கே தரையில் இருப்பவை பெரணிகள், அகல இலைப் புல், நிழலுக்குப் பழகிய சில கீரை வகைகள், இவற்றுக்கெல்லாம் மேலே பிப்ரவரி, மார்ச்சில் மரம் உதிர்க்கும் இலை மெத்தை. அந்த மெத்தையை யாரும் கூட்டுவதில்லை. கால் வைத்தால் அடியில் ஈரமாக இருக்கும்.

பிற்பாடு நிழலையும் வறட்சியையும் தாங்கும் கொடி ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். மூக்குனா பிரக்டியாட்டா. வடகிழக்கு இந்தியாவின் திரிபுராக் காட்டில் கிடைத்து, கேரளத்து ரப்பர் தோட்டங்களில் பரவி, 1991இல் மலேசியாவுக்கு வந்தது. இன்று செம்பனைத் தோட்டங்களில் பச்சைக் கம்பளம் மாதிரிப் படர்ந்திருப்பது பெரும்பாலும் அதுதான். வேர் ஆழமாக இறங்கும். ஆனால் யாராவது உங்களிடம் அதன் கன்றைக் கொடுத்தால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். தோட்டத்தில் அதை மரத்தின் மேல் ஏறாமல் இழுத்துவிட ஆள் போட்டிருக்கிறார்கள். வீட்டில் விட்டால் மாமரம், வேலி, துணி காயப்போடும் கம்பி என்று எதையும் மிச்சம் வைக்காது.

சரி, மாமரத்தடிக்கு வருவோம். ஈப்போ வட்டாரத்தில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இங்கே எப்படி வறண்ட நிழல் என்று கேட்கலாம். நான் அந்த வீட்டில் இரண்டு காலி மைலோ டின்களை வைக்கச் சொன்னேன். ஒன்று மரத்தடியில், ஒன்று வேலியோரம் திறந்த வெளியில். மறுநாள் மாலை ஒரு சிறு தூறல். வெளியே இருந்த டின்னில் ஒரு விரல் கனம் தண்ணீர், மரத்தடி டின்னில் அடி மட்டும் நனைந்திருந்தது. மாமர இலைப்பரப்பு ஒரு குடை. சின்ன மழையெல்லாம் இலையிலேயே நின்று காற்றில் போய்விடும். பெருமழைதான் கீழே வரும். அப்படி வரும் தண்ணீரையும் மேல் ஓரடிக்குள் வலை பின்னியிருக்கும் மரத்தின் உணவு வேர்கள் முதலில் குடித்துவிடும். நாம் வைக்கும் செடிக்குப் பந்தியில் கடைசி இடம்.

இதோடு கிந்தா பள்ளத்தாக்குக்கே உரிய இன்னொரு சங்கடம். ஈயம் எடுத்த நிலம். மண்ணைத் தண்ணீரால் அடித்துக் கழுவி ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சியது இரண்டு: ஓரிடத்தில் வெறும் வெள்ளை மணல், இன்னோரிடத்தில் களிச்சேறு. 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடிய பின் அந்த நிலங்கள் பலவற்றின் மேல் தாமான்கள் எழுந்தன. மணல் பக்கம் வீடு அமைந்தவர்கள் ஊற்றும் தண்ணீர் நேரே கீழே இறங்கிவிடும், உரமும் அதோடு போய்விடும். உங்கள் மண் எது என்று தெரிய ஒரு பிடி ஈர மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டையாகவே நிற்காமல் உதிர்ந்தால் மணல். லகாட் வீட்டில் உதிர்ந்தது.

ஆகவே என் முதல் சிபாரிசு எந்தச் செடியும் இல்லை. விளக்குமாற்றை எடுத்து வையுங்கள் என்பதுதான். மரத்தடியில் விழும் இலை அங்கேயே கிடக்கட்டும். மாவிலை தோல் மாதிரி தடித்தது, சீக்கிரம் மக்காது. முழு இலையாகக் கட்டிப் படிந்தால் மழையை வழியவிட்டுவிடும். அதனால் காய்ந்த இலையைக் காலால் மிதித்து நொறுக்கி, புல் வெட்டிய குப்பை, முருங்கை இலை, சமையலறைக் காய்த்தோல் உரம் என்று கிடைப்பதைக் கலந்து இரண்டு மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும். லாரி மண் கொட்டி மேடாக்குவது இன்னும் கெடுதல். வேர்களுக்கு மூச்சு முட்டி, மரம் சில வருடங்களில் மெல்ல மெல்லப் பட்டுப்போகும். சிமெண்டு போட்டாலும் இதே கதிதான். அண்ணன் அதைத்தான் வேகமாகச் செய்யப் பார்த்தார்.

இலை போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் செடி. அதற்குள் வெளிச்சத்தை அளந்துகொள்ளலாம். நடுப்பகலில் மரத்தடியில் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் அது அரை நிழல். கலங்கலாக விழுந்தால் நல்ல நிழல். நிழலே விழவில்லையென்றால் அடர் நிழல். ஒரே மரத்தடியில் மூன்றும் இருக்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் தரும் நிழல் பெரும்பாலும் முதல் வகை. அங்கே பாதிச் செடிகள் பிழைக்கும். மா, ரம்புத்தான், மங்குஸ்தீன் நிழலில்தான் சிக்கல்.

அடர் நிழலுக்கு, அடிமரத்தைச் சுற்றி, நான் துணிந்து சொல்வது குட்டை ரகப் பாம்புச்செடி. மாமியார் நாக்கு என்று கேலி செய்வோமே, அதன் சாண் உயர வகை. இலையிலேயே தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும். மணலுக்கு அஞ்சாது. இதன் நம் ஊர்ச் சொந்தக்காரன் மருள். அதன் நாரில்தான் பழங்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். அடுத்து, மேலே பச்சை, அடியில் ஊதா இலையோடு ரோசாப்பூ அடுக்கு மாதிரி உட்கார்ந்திருக்கும் ரோயோ; மலாயில் நானாஸ் கெராங். ஒன்றை வைத்தால் ஒரு வருடத்தில் ஐந்தாறு குட்டி போடும். அதன் சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மணி பிளாண்டைத் தரையில் படரவிடுவதும் நன்றாகவே வரும், செலவும் இல்லை. ஆனால் மரத்தில் ஏறிவிட்டால் இலை தட்டு அளவுக்குப் பெருத்து மரத்தையே போர்த்திவிடும். தவிர, அதன் இலையைக் கடித்தால் குழந்தைக்கும் பூனைக்கும் வாயெல்லாம் எரியும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

நடு நிழலுக்கு எனக்குப் பிடித்தவை இரண்டு, இரண்டும் சமையலறைக்குப் பயன்படுபவை. ஒன்று கடுக். மிளகு, வெற்றிலை குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த மண்ணுக்கே உரிய செடி, காட்டு நிழலில் தானாகப் படர்வது. இலை வெற்றிலை போலவே மினுமினுப்பாக இருக்கும். மலாய்க்காரர்கள் நாசி உலாமில் பொடியாக நறுக்கிப் போடுவார்கள். பினாங்கு ஞோஞ்யாக்களின் ஒத்தாக் ஒத்தாக்கில் அடியில் கிடப்பதும் இந்த இலைதான். முட்டையோடு பொரித்தால் பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள். நிழலை நன்றாகத் தாங்கும், வறட்சியைச் சுமாராகத்தான் தாங்கும். இலை தொங்கினால் தண்ணீர் கேட்கிறது என்று பொருள். ஊற்றினால் மாலைக்குள் எழுந்துவிடும்.

இன்னொன்று செக்கூர், நம் நாட்டு மருந்துக்கடையில் கச்சோலம். இஞ்சிக் குடும்பம்தான், ஆனால் உயரமே வளராது. வட்ட வட்டமான இலைகளைத் தரையோடு தரையாகப் பரப்பி ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பூவில் ஊதாப் பொட்டு. வறட்சி வந்தால் மேலே எல்லாம் காய்ந்து மறைந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள், கிழங்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

புல் போலவே வேண்டும் என்பவர்களுக்கு, மோண்டோ என்று நர்சரிகளில் கேளுங்கள். கரும்பச்சைக் குட்டைக் கொத்து. பார்வைக்குப் புல், இனத்தில் புல் இல்லை, அதனால்தான் நிழலில் நிற்கிறது. வெட்டவே வேண்டாம். ஆனால் மகா சோம்பேறி. இடைவெளி மூடிக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் காசைக் கொட்டி நெருக்கமாக நட வேண்டியிருக்கும்.

மரத்தின் குடை முடியும் ஓரத்தில், அரை வெயில் விழும் இடத்தில் பிந்தோ நிலக்கடலைக் கொடியை வைக்கலாம். சாலையோரத்தில் மஞ்சள் பூவோடு படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெங்லெம்பு கச்சானும் புந்தோங் கச்சாங் பூத்தேயும் தின்று வளர்ந்த ஊர்க்காரர்கள் இதில் கடலை பறிக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். இது மண்ணைக் காக்கும் கடலை. தோட்டத்துக் கொடிகள் மாதிரியே நைட்ரஜன் பிடிக்கும். அதே ஓரத்தில் கற்பூரவல்லிக் கிளையை ஒடித்துச் செருகினாலும் போதும். கௌ கிராஸ் எனும் அகல இலைப் புல்லும் அங்கே ஓரளவு வரும்.

வேண்டாம் என்று சொல்ல ஒன்று இருக்கிறது. மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியா. ஓசியில் கிடைக்கும், எங்கும் படரும், நிழலிலும் பிழைக்கும். அதுவே அதன் குற்றம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற பட்டியலில் இடம்பெற்ற செடி அது. உங்கள் வேலிக்குள் அடங்காது, பின்னால் இருக்கும் சாக்கடைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும். செயற்கைப் புல் விரிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். அடியில் மண் செத்துக்கொண்டே இருக்கும், மேலே மாம்பழம் விழுந்து நசுங்கும், கழுவுவது நீங்கள்.

நடும் விதத்தில்தான் பலர் தோற்கிறார்கள். பெரிய பாலிபேக் கன்று வாங்கி, அதற்கேற்ற குழி தோண்ட மரத்தின் வேரை வெட்டுவார்கள். சின்னக் கன்றாக வாங்குங்கள். சிறு கரண்டியால் வேர்களுக்கிடையே கை நுழையும் அளவு குழி, அதில் ஒரு பிடி மக்கிய உரம், ஒரு சாண் இடைவெளி. அக்டோபர், நவம்பர் மழைக்கு முன் நட்டால் பாதி வேலையை வானம் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இருமுறை நன்றாக ஊறும்படி தண்ணீர் விட வேண்டும். 'வறட்சி தாங்கும் செடி' என்று நர்சரியில் எழுதியிருப்பது வேர் பிடித்த பிறகான சங்கதி.

அம்மா கேட்ட கேள்விதான் எல்லாரும் கேட்பது: "பாம்பு வந்து படுத்துக்காதா?" நியாயமான பயம். கணுக்காலுக்கு மேல் வளரும் எதையும் நடமாடும் இடத்தில் வைக்காதீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடிக்குச் சரளைக்கல் போட்டு வெறுமையாக விடுங்கள். அந்த இடம் கூரைக்கு அடியில் இருப்பதால் எப்படியும் எந்தச் செடியும் நிற்காது. சேறு தெறித்துச் சுவர் கறையாவதும் நின்றுவிடும். கொசுவைப் பொறுத்தவரை, ஏடிஸ் முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். நான் வைக்கச் சொன்ன மைலோ டின்களைக்கூட மறுநாளே கவிழ்த்துவிடச் சொன்னேன்.

அந்த வீட்டில் நவம்பர் முதல் வாரம் நட்டோம். மகளும் நானும், விடுமுறைக்கு வந்த அண்ணனும். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் குழி போட்டார், ஆனால் போட்டார். எட்டு மாதம் கழித்துச் சென்ற வாரம் போய்ப் பார்த்தேன்.

எல்லாம் பிழைக்கவில்லை. நான் ஆசைப்பட்டு வைத்த ஹெமிகிராஃபிஸ், அந்த ஊதா இலைச் செடி, பிப்ரவரி வெயிலில் முக்கால்வாசி போய்விட்டது. அதற்குத் தினமும் தண்ணீர் வேண்டும், என் கணக்குத் தப்பு. பிந்தோ கொடி ஓரத்தில் செழித்திருக்கிறது, அடிமரம் பக்கம் தவழ்ந்து போய்ப் பாதியிலேயே நின்றுவிட்டது. செக்கூர் மறைந்து, ஏப்ரல் மழைக்கு மறுபடி தலைகாட்டியிருக்கிறது. ரோயோ குட்டி போட்டிருக்கிறது. கடுக் மட்டும் நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு பரவி, மகள் பறித்து அலுவலகத்துத் தோழிகளுக்குக் கொடுக்கும் அளவுக்கு இருக்கிறது. இலையை விலக்கி விரலைவிட்டுப் பார்த்தேன். மேல் ஒரு விரல் மண் கறுத்திருந்தது. மண்புழு ஒன்று நெளிந்து உள்ளே போனது.

சிமெண்டு பற்றி அண்ணன் இப்போது பேசுவதில்லை. சிமெண்டுக்காரரிடம் கொடுத்த முன்பணம் திரும்ப வந்ததா என்று நானும் கேட்கவில்லை.

அம்மாவோடுதான் ஒரு சமரசம் தேவைப்பட்டது. கேட்டிலிருந்து வாசற்படி வரை உள்ள பாதையில் ஒரு இலைகூடக் கிடக்கக்கூடாது, அது அவருடைய பாகம். காலையிலும் மாலையிலும் முன்போலவே கூட்டுகிறார். கூட்டியதைக் கறுப்புப் பையில் போடாமல் முறத்தில் அள்ளி மாமரத்தடியில் கொட்டிவிட்டு, அப்படியே கீழே குனிந்து நாலு கடுக் இலை பறித்துக்கொண்டு உள்ளே போகிறார்.